அத்தை இருக்கிறார், வாரிசுச் சான்றிதழில்தான் இல்லை

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கொங்குப் பகுதியைச் சேர்ந்தவர். வயது 36. தாத்தா 1962-இல் தன் சம்பாத்தியத்தில் 4 ஏக்கர் வாங்கினார். அவருக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். மகள், அதாவது கடிதம் எழுதியவரின் அத்தை, 1978-இல் வேறு சாதியைச் சேர்ந்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். தாத்தா தலைமுழுகிவிட்டார். 1996-இல் தாத்தா இறந்தபோது அத்தை வந்திருக்கிறார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1998-இல் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் பாட்டியும் மூன்று மகன்களும் மட்டும் வாரிசுகள். அத்தையின் பெயருக்கு எதிரே ‘இறந்துவிட்டார், வாரிசு இல்லை’ என்று இருக்கிறது. 2001-இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி, மகன்கள் பெயரில் தனிப்பட்டாவும் ஆகிவிட்டது. பாட்டி 2004-இல் காலமானார்.

இது வெளியே வந்தது இணையத்தால். வெளிநாட்டிலுள்ள பெரியப்பா மகன் ஃபேமிலிசர்ச் தளத்தில் குடும்ப மரம் போட்டு, அத்தை 1998-இல் இறந்ததாகக் குறித்து, ஆதாரமாக வாரிசுச் சான்றிதழின் படத்தையும் ஏற்றியிருக்கிறார். திருத்தச் சொன்னால், “எங்கிட்ட இருக்கிற ஆவணம் அப்படித்தான் சொல்லுது” என்கிறாராம். சித்தப்பாவோ, “நமக்கு அவ செத்து எத்தனை வருசமாச்சு. ஏழு வருசம் பேச்சுவார்த்தை இல்லைன்னா சட்டப்படியே செத்தவதான்” என்கிறார்.

கடிதம் எழுதியவரின் அப்பா சென்ற ஆண்டு இறந்தார். இறப்பதற்கு முன், “அக்காவைப் போய்ப் பாரு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கடிதம் எழுதியவர் ஆறு மாதத்துக்கு முன் அத்தையைத் திருச்சியில் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அத்தைக்கு இப்போது 69 வயது. விஷயத்தைச் சொன்னபோது அவர் சொன்னது: “சொத்தெல்லாம் எனக்கு வேண்டாம் கண்ணு. எம் பேருக்கு நேரா செத்துட்டான்னு எழுதியிருக்காங்கல்ல, அதை மட்டும் எடுத்துடச் சொல்லு.”

கேள்விகள்: இணையத்தில் மட்டும் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் போதாதா? சான்றிதழில் இறந்தவர் என்று வந்த பிறகு உரிமை ஏதும் மிச்சமிருக்கிறதா? 2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது என்கிறார்களே? அந்தப் பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது. அவர் குற்றவாளி ஆகிவிடுவாரா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியைத்தான் நீங்கள் அதிகத் தயக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இறந்தவர் மீது குற்ற வழக்கு கிடையாது. அப்பா 2001-இல் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்; அக்காவைப் போய்ப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். இரண்டையும் உங்களால் மறக்க முடியாது, மறக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றுவதற்காக இதில் எதையும் ஒளிக்கத் தேவையில்லை.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவின் பங்கு இன்று உங்கள் கையில் இருக்கிறது. அத்தைக்குப் பங்கு உண்டு என்றால் அதில் ஒரு துண்டு உங்கள் பங்கிலிருந்தும் போகும். அத்தைக்கு நல்லது செய்யத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் நீங்களும் எதிர்த்தரப்பில் ஒருவர். ஆகவே உங்களுக்கும் அத்தைக்கும் ஒரே வழக்கறிஞர் வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், அத்தைக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

‘ஏழு வருடம்’ என்கிற தவறான நம்பிக்கை

சித்தப்பா சொல்வது கிராமத்துத் திண்ணைகளில் மட்டுமல்ல, படித்தவர்கள் வீட்டிலும் நான் கேட்டதுதான். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 111-ஆவது பிரிவாகியிருக்கும் விதி அது. ஒருவர் உயிரோடிருந்தால் அவரைப் பற்றி இயல்பாகவே தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழாண்டுகளாக ஒரு தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அந்த விதி சொல்வது இவ்வளவுதான். பேசாமல் இருந்தது வேறு, தகவல் இல்லாமல் போனது வேறு. ஆள் வந்து நின்றுவிட்டால் அந்த அனுமானத்துக்கு அப்புறம் வேலையே இல்லை. 1996-இல் சாவு வீட்டு வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பியவர்கள், இரண்டே ஆண்டுகள் கழித்து 1998-இல், “எங்களுக்குத் தகவலே இல்லை” என்று எப்படிச் சொல்ல முடியும்?

தலைமுழுகுவதற்கும் சட்டத்தில் இடமில்லை. சாதியிலிருந்து தள்ளிவைத்தார்கள் என்பதால் ஒருவரின் வாரிசுரிமை போகாது என்று 1850-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. தாத்தா நினைத்திருந்தால் சுயார்ஜித சொத்தை, அதாவது தானே சம்பாதித்ததை, உயில் எழுதி மகன்களுக்கு மட்டும் கொடுத்திருக்கலாம். அது அவருடைய உரிமை. அதனால் உயில் ஏதாவது உண்டா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். இருந்தால் இந்தப் பதிலில் பாதி மாறிவிடும். உங்கள் கடிதப்படி உயில் எதுவும் இல்லை. கோபத்தில் தலைமுழுகினார், ஆனால் மகளை விலக்கி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. சட்டம் அந்த எழுதாமையைத்தான் பார்க்கும்.

பங்கு இருக்கிறதா?

இருக்கிறது. ‘2004’ என்று உங்களுக்குச் சொல்லியிருப்பவர் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பியிருக்கிறார். பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை தந்தது 2005-ஆம் ஆண்டுத் திருத்தம். தமிழ்நாட்டில் 1989-லேயே மாநிலத் திருத்தம் வந்திருந்தாலும், அதற்கு முன் மணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 திருத்தம்தான் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளைக் கலைக்காது என்கிறது. வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் விளக்கியதும் இந்தப் பிறப்புரிமையைத்தான்.

உங்கள் தாத்தாவின் நிலமோ அவரே கிரயம் வாங்கியது. அதற்குப் பொருந்துவது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு. உயில் எழுதாமல் ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. மகளுக்கு எப்போது, யாரோடு கல்யாணம் ஆயிற்று என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. 1996-இல் தாத்தா இறந்த அன்றே பாட்டி, மூன்று மகன்கள், அத்தை என்று ஐந்து பேருக்கும் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது. பாட்டி தன் பங்கை யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்காவிட்டால், அவர் காலமான பின் அதுவும் நான்கு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். அப்படியானால் அத்தைக்கு நான்கில் ஒன்று, அதாவது ஒரு ஏக்கர்.

வாரிசுச் சான்றிதழ் யாருக்கும் உரிமை தருவதுமில்லை, இருப்பதைப் பறிப்பதுமில்லை. இன்னார் இறந்தார், அவருக்கு இன்னார் இன்னார் வாரிசு என்று கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துச் சொன்னதை வைத்து வட்டாட்சியர் தரும் தாள் அது. பட்டாவும் அப்படித்தான். 2001 பத்திரம் சொத்தின் கூட்டு உரிமையாளர் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. கையெழுத்துப் போடாத அத்தையை அது கட்டுப்படுத்தாது.

இனி, அத்தைக்குப் பாதகமாக வரக்கூடியது. இதை மறைத்தால் நான் உங்களுக்கு உதவியவன் ஆகமாட்டேன். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் நிலத்தை அனுபவித்தால் அது எல்லோருக்குமான அனுபவமாகவே கருதப்படும் என்பது பொது விதி. ஆனால் “உனக்கு இதில் உரிமை இல்லை” என்று அவருக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, 12 ஆண்டுகள் தனித்து அனுபவித்திருந்தால் கதை வேறு. 1996-இல் வாசலில் நடந்ததையே சித்தப்பாவின் வழக்கறிஞர் அப்படிப்பட்ட மறுப்பு என்று வாதிடுவார். துக்க வீட்டில் முகத்தைத் திருப்பியதும் நில உரிமையை மறுத்ததும் ஒன்றல்ல என்பது நம் பதில். அது வலுவான பதில் என்றே நினைக்கிறேன். ஆனாலும் நீதிமன்றத்தில் அன்று யார் என்ன பேசினார்கள் என்ற சாட்சியத்தைப் பொறுத்துத்தான் அமையும். அத்தைக்கு நினைவிருப்பதை இப்போதே தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று காலவரம்பு. மோசடியால் மறைக்கப்பட்ட விஷயம் என்றால் தெரியவந்த நாளிலிருந்துதான் கணக்கு. ஒரு பத்திரம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை, அதாவது நீதிமன்றத்தின் அறிவிப்பு, கேட்கவும் அதை ரத்து செய்யவும் மூன்றாண்டுகள். ஆறு மாதம் முன்பு நீங்கள் அத்தையிடம் சொன்ன அன்றே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். “பொறுத்துப் பார்க்கலாம்” என்ற யோசனைக்கு இங்கே விலை உண்டு.

சித்தப்பா 2011-இல் வெளியாருக்கு விற்ற 60 சென்ட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விற்றவருக்கு இருந்த உரிமைக்கு மேல் வாங்கியவருக்கு வராது. ஆனால் பாகப்பிரிவினை வழக்குகளில், விற்ற துண்டை முடிந்தவரை விற்றவரின் பங்கிலேயே ஒதுக்குவதுதான் நீதிமன்றங்களின் வழக்கம். அங்கே வீடு கட்டியிருப்பவரை அத்தை வெளியேற்ற வேண்டிய நிலை அநேகமாக வராது.

இணையத்தில் திருத்துவது

இது எளிது, உங்கள் அண்ணனின் சம்மதம்கூடத் தேவையில்லை. ஃபேமிலிசர்ச்சில் உள்ளது எல்லோருக்கும் பொதுவான ஒரே மரம். இறந்தவர்களின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். உயிரோடிருப்பவர்களின் பக்கமோ அதைச் சேர்த்தவரின் தனிப்பகுதியில் மட்டும் இருக்கும். ‘இறந்தவர்’ என்பதை ‘உயிரோடிருப்பவர்’ என்று மாற்றக் காரணத்தோடு கோரிக்கை வைத்தால், தளத்தினர் பரிசீலித்து மாற்றுவார்கள். மாறியதும் அத்தையின் பெயர் பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அவரை அங்கே உயிரோடு பார்க்கலாம் என்று காத்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். அந்த மரத்தில் எல்லோர் கண்ணிலும் படுபவர்கள் இறந்தவர்கள் மட்டும்தான்.

அதைவிட அவசரம், அங்கே ஏற்றியிருக்கும் சான்றிதழின் படம். அதில் இன்று உயிரோடிருப்பவர்களின் பெயர், வயது, உறவு எல்லாம் இருக்கின்றன. அதை எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வேறு தளங்களுக்கு யாராவது நகல் எடுத்திருந்தால் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

அண்ணன் மேல் கோபம் வேண்டாம். அவர் ஆவணத்தை நம்பினார். ஆனால் வம்சாவளி எழுதுகிறவர் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்தத் தாளை எழுதியவருக்கு அந்தச் செய்தி எப்படித் தெரியும்? தாத்தாவின் சாவுக்கு இறப்புச் சான்று இருந்தது. அத்தையின் சாவுக்கு இருந்தது வீட்டார் சொன்ன வாய்ச்சொல். ஒரே தாளில் இருப்பதால் இரண்டும் ஒரே தரத்து ஆதாரம் ஆகிவிடாது. அத்தையோடு ஒரு வீடியோ அழைப்பில் அவரைப் பேச வையுங்கள். பெரும்பாலும் அதற்குமேல் வாதம் தேவைப்படாது.

ஆனால் அது மட்டும் போதாது

இணையத்தில் இருப்பது நிழல். அதை மட்டும் அழித்தால் வட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் அத்தை இறந்தவராகவே இருப்பார். நாளை அந்தச் சான்றிதழின் நகலை வைத்து யாரும் எதையும் செய்யலாம். உத்தரப் பிரதேசத்தின் அசம்கட் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிஹாரி என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970-களின் நடுவில் உறவினர்கள் நிலத்துக்காக வருவாய்ப் பதிவேட்டில் அவரை இறந்தவர் ஆக்கிவிட்டார்கள். கடன் கேட்டு ஆவணம் வாங்கப் போன இடத்தில்தான் அவருக்கே தெரிந்தது. நேரில் போய் நின்றும் நடக்கவில்லை. தேர்தலில் நின்று, தன் பெயரோடு ‘மிருதக்’, அதாவது ‘இறந்தவர்’, என்று சேர்த்துக்கொண்டு, தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு சங்கமே தொடங்கி, 1994-இல்தான் பதிவேட்டில் உயிர் பெற்றார். எழுத்தில் ஏறிய சாவு தானாக இறங்காது.

முதலில், அத்தை பெயரில் இறப்புப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று ஊராட்சியிலும் பிறப்பு இறப்புப் பதிவாளரிடமும் பாருங்கள். இருந்தால் விஷயம் பெரிது. 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் பதிவாளரே அதைத் திருத்தவோ ரத்து செய்யவோ முடியும். அநேகமாக இருக்காது. அப்படியானால் எந்த ஆதாரத்தில் 1998-இல் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதினார்கள் என்ற கேள்வியே அத்தையின் முதல் ஆயுதம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு போட்டு, அன்றைய விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, விசாரணை வாக்குமூலங்கள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 2001 பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வில்லங்கச் சான்றும் பதிவுத்துறையின் இணையதளம் வழியாகவே கிடைக்கும்.

பிறகு அத்தையே தன் பெயரில் வட்டாட்சியருக்கு மனு எழுத வேண்டும். நான் உயிரோடிருக்கிறேன், இன்னாரின் மகள், 1998 சான்றிதழில் என்னைப் பற்றி உள்ளது பொய், அதை ரத்து செய்து என் பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் தர வேண்டும் என்று நான்கு வரி போதும். நில உரிமையைப் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம். எழுதினால் “உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள்” என்று கோப்பை மூடிவிட வாய்ப்புண்டு. வட்டாட்சியர் மறுத்தால் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு.

காவல் நிலையப் புகாரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பொய்த் தகவல் தந்து அரசு ஆவணம் பெற்றது குற்றம்தான். 1998-இல் நடந்தது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆனால் அதை முதல் படியாக நான் சொல்லமாட்டேன். புகார் கொடுத்த மறுநாளிலிருந்து சித்தப்பா வழக்கைப் பற்றி மட்டும்தான் யோசிப்பார், அக்காவைப் பற்றி யோசிக்கமாட்டார். அத்தை கேட்பது தண்டனை அல்ல. அந்தக் கதவு இருக்கிறது என்று சித்தப்பாவுக்குத் தெரிந்தால் போதும்.

அத்தைக்கு ஒரு வார்த்தை

இந்தப் பகுதியை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

அம்மா, சொத்து வேண்டாம் என்கிறீர்கள். அது உங்கள் முடிவு. அதை மாற்றச் சொல்ல எனக்கோ உங்கள் மருமகளுக்கோ உரிமை இல்லை. ஆனால் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் நீங்கள் உயிரோடிருப்பவராக எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பிகளுக்கே போகட்டும் என்று உண்மையாகவே நினைத்தால், பதிவான விடுதலைப் பத்திரம் ஒன்றில் ‘இன்னாரின் மகளாகிய நான்’ என்று தொடங்கி, உங்கள் பங்கு இவ்வளவு என்று சொல்லி, அதை மனமுவந்து விடுகிறேன் என்று கையெழுத்துப் போடுங்கள். குடும்பத்தினருக்குள் எழுதுவதற்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதியை விடலாம். உங்கள் பிள்ளைகளுக்கு என்று ஒரு துண்டைக் கேட்கலாம். பணமாகப் பெற்றுக்கொள்ளலாம். எதைச் செய்தாலும், சான்றிதழ் திருத்தப்பட்ட பிறகு செய்யுங்கள். அதற்கு முன் யார் எந்தத் தாளை நீட்டினாலும், அது தம்பி மகனே ஆனாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுபடி உங்களுக்கு, சகோதரி. சித்தப்பாவிடம் பேசத்தான் போகிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. தனியாகப் போகாதீர்கள், அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரோடு போங்கள். சான்றிதழைத் திருத்த அவர் ஒத்துழைத்தால் அத்தை குற்றப் புகார் கொடுக்கப் போவதில்லை என்பதையும், விடுதலைப் பத்திரம் பற்றிய அத்தையின் எண்ணத்தையும் அவரிடம் சொல்லலாம், ஆனால் அத்தையின் சம்மதத்தோடு மட்டும். முடிவு எட்டினால் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்குக்கு முந்தைய மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. திண்ணையில் பேசி முடித்தது அடுத்த தலைமுறைக்கு நிற்காது.

வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: அத்தையின் ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, தந்தை பெயரும் பிறந்த ஊரும் உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழ், கிடைத்தால் 1978-க்கு முந்தைய தாத்தா வீட்டுக் குடும்ப அட்டையின் நகல். கல்யாணத்துக்குப் பின் பெயரின் முதலெழுத்து மாறியிருப்பதால் இருவரும் ஒருவரே என்பதற்கான சான்றும் கேட்பார்கள். ஊரில் அவரைச் சிறுமியாகப் பார்த்த வயதானவர்கள் இரண்டு பேரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். அவர்களுக்கும் வயதாகிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அத்தைக்கு முழங்கால் வலி, பேருந்து ஏற முடியாது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கார் வைத்தாவது, முதல் நாள் அவரையே நேரில் அழைத்துக்கொண்டு போங்கள்.